கதியாலும் கிடுகும்: போர்க்காலச் சிறுவர் வரலாற்றுக் கதை எப்படி அமைகிறது

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் பத்து வயதுப் பிள்ளையாய் இருந்தவருக்கு இன்று வயது நாற்பதை எட்டிவிட்டது. அவருடைய மகளுக்கு அந்தத் திகதி பழைய யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலத்தைப் போலவே தூரம். இரண்டும் அவள் பிறக்க முன்னம் நடந்தவை.

ஆனாலும் ‘சரித்திரக் கதை’ என்றால் எங்கள் நினைவில் அரசரும் குதிரையும் சுரங்க வழியும்தான் வருகின்றன. போரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதுவதென்று பேச்செடுத்தால் மூன்று விதமான பதில் கிடைக்கும். “சின்னப் பிள்ளையளுக்கு ஏன் உதெல்லாம்?” என்பது ஒன்று. “நல்ல வீரக்கதையா எழுதுங்கோ” என்பது இன்னொன்று. “நடந்ததை அப்படியே எழுதினால் அதுவே கதை” என்பது மூன்றாவது. மூன்றிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் மூன்றுமே இந்த எழுத்து வகை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தவறவிடுகின்றன. வாசிக்கக் கொடுக்கும் பெற்றோருக்கும், வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியருக்கும், எழுதிப்பார்க்க விரும்புபவருக்கும் உதவும்படி அதை அடியிலிருந்து விளக்குவோம்.

எது வரலாற்றுப் புனைகதை, எது இல்லை

புனைகதை என்பது கற்பனை மாந்தரைக் கொண்டு சொல்லப்படும் கதை. அந்தக் கற்பனை மாந்தரை உண்மையில் நடந்த ஒரு காலத்துக்குள், உண்மையான ஓர் இடத்துக்குள் வாழவிட்டால் அது வரலாற்றுப் புனைகதை. சிறுவருக்கு எழுதும்போது இன்னும் ஒன்று சேர்கிறது. கதையின் நடுவில் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். கதையின் முக்கியமான முடிவுகளை அந்தப் பிள்ளையே எடுக்க வேண்டும்.

இதையும் நேர்ச்சாட்சியையும் போட்டுக் குழப்புவது வழக்கம். ஆன் பிராங்க் 1942 முதல் 1944 வரை எழுதியது நாட்குறிப்பு. அவர் உண்மையில் வாழ்ந்தவர், அதில் உள்ளவை அவருக்கு நேர்ந்தவை. அதைக் ‘கதைப்புத்தகம்’ என்று பிள்ளைக்குக் கொடுப்பது பிழை. அதுபோல ஒரு புனைகதையைக் கொடுத்து “இது உண்மையாய் நடந்தது” என்று சொல்வதும் பிழைதான். பிள்ளை ஒருநாள் உண்மையை அறியும்போது கதையோடு சேர்த்து வரலாற்றையும் சந்தேகப்படத் தொடங்கிவிடும்.

வேலியை நினைத்துக்கொள்ளுங்கள்

உண்மையும் கற்பனையும் எப்படிச் சேருகின்றன என்பதற்கு நம் ஊர்க் கிடுகு வேலியை விட நல்ல உவமை இல்லை.

வேலிக்கு முதலில் கதியால் நட வேண்டும். பூவரசோ கிளுவையோ முள்முருக்கோ, அது வேர்விட்டு நிற்கும். அதை ஒரு சாண் அங்காலே இங்காலே நகர்த்தினாலும் எல்லைச் சண்டை வரும். கதியால்களுக்கு இடையில் கட்டுவது கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை. அதை எப்படிப் பின்னுவது, எவ்வளவு நெருக்கமாய்க் கட்டுவது என்பதெல்லாம் கட்டுகிறவருடைய கை.

வரலாற்றுப் புனைகதையில் பொது நிகழ்வுகள் கதியால். என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த வீதி, யார் உத்தரவு, எந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு என்பவை அசையக் கூடாது. ஒரு வீட்டுக்குள் யார் என்ன பேசினார்கள், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு கோபம் போட்டது என்பவை கிடுகு. அவற்றை எழுத்தாளர் முழுச் சுதந்திரத்தோடு பின்னலாம்.

கதியால் மட்டும் நட்டுவிட்டுப் போனால் ஆடு உள்ளே வரும். திகதிகளால் மட்டும் ஆன கதை அப்படித்தான், வாசிக்கிற பிள்ளையின் மனதை அது அடைத்து வைக்காது. கதியால் இல்லாமல் கிடுகை மட்டும் நிறுத்தினால் கச்சான் காற்றுக்கு விழுந்துவிடும். “ஒரு ஊரில் ஒரு போர் நடந்தது” என்று தொடங்கும் கதைகள் அவ்வகை. எங்கே, எப்போது, யாருக்கிடையில் என்ற கேள்வியைப் பிள்ளை கேட்ட உடனே அவை சாய்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், பொதுவில் நடந்ததை மாற்றக் கூடாது, தனி வாழ்வைக் கற்பனை செய்யலாம். ஒரு புத்தகத்துக்கு மூன்று அல்லது நான்கு கதியால் போதும். பத்து வருடப் போரையும் ஒரே கதைக்குள் நட்டால் கிடுகு கட்ட இடம் இருக்காது.

பெரிய எண்ணிலிருந்து கைக்குள் அடங்கும் பொருளுக்கு

இனி உள்ளே போவோம். இந்தக் கதைகள் ஓடுவது ஒரு சங்கிலியால்: நிகழ்வு ஒன்று நடக்கிறது, அதனால் ஒரு தடையோ தட்டுப்பாடோ வருகிறது, அது ஒரு பொருளாகப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது, அந்தப் பொருளை என்ன செய்வதென்று பிள்ளை முடிவெடுக்கிறது. இந்த நாலு கண்ணியில் ஒன்று அறுந்தாலும் வரலாறு வேறாகவும் கதை வேறாகவும் நிற்கும்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வளர்ந்தவருக்கு அந்த எண் நெஞ்சில் அறையும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 97,000 என்பது கணக்குப் பாடத்து எண். அதே பிள்ளையிடம், முதல் நாள் இரவல் எடுத்துவந்த ஒரு புத்தகம் வீட்டு மேசையில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி உள்ளே குத்தியிருக்கிறது, கொடுக்க நூலகம் இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தை இனி என்ன செய்வது என்ற கேள்வியிலேயே இழப்பின் அளவு அவளுக்குப் பிடிபடும்.

இன்னொன்றைக் கிட்ட நின்று பார்ப்போம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை, மண்ணெண்ணெய் விலை ஏறிப்போனது. அதிலிருந்து பிறந்தது யாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவே கம்பியில் நிற்கும் மெல்லிய திரி. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் தட்டுப்பட்டாலும் சிந்தாது. போத்தலின் சுவர் காற்றை மறைக்கும். வெளிச்சம் ஒரு கொப்பியின் அகலத்துக்கு மேல் போகாது. இந்த விளக்கை ஒருவர் இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்: “போர் காரணமாக மின்சாரம் துண்டிக்கப்பட்டு எரிபொருளுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. மக்கள் பெரும் துன்பம் அடைந்தனர். வானதியும் விளக்கு வெளிச்சத்தில் மிகவும் கஷ்டப்பட்டுப் படித்தாள்.”

இரண்டாம் விதம்: “திரியைக் கொஞ்சம் உயர்த்தினால் எழுத்துத் தெரியும். உயர்த்தினால் எண்ணெய் குறையும். வானதி கொப்பியை விளக்குக்குக் கிட்டத் தள்ளிக் குனிந்தாள். ‘மயிர் பொசுங்கிற மணம் வருது. தள்ளி இரு பிள்ளை,’ என்றா அம்மம்மா உள்ளே இருந்து. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இரண்டு வரி மிச்சம். அது கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம் என்று விளக்கை ஊதி நூர்த்தாள்.”

இரண்டாவதில் ‘தடை’ என்ற சொல்லே இல்லை, ‘துன்பம்’ என்றும் இல்லை. ஆனால் எண்ணெய் எவ்வளவு அரிது என்பதை அவள் விளக்கை நூர்த்த செயல் சொல்லிவிடுகிறது. கடைசி வரியில் ஒரு முடிவும் எடுக்கிறாள். சங்கிலி முழுதாய் இருக்கிறது.

பிள்ளையின் கண் மட்டம்

பார்வைக்கோணம் என்பது கதையை யாருடைய கண்ணால் பார்க்கிறோம், யாருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம் என்பது. சிறுவர் கதையில் அந்தக் கண் தரையிலிருந்து நாலு அடி உயரத்தில் இருக்கிறது. கூட்டத்தில் நடக்கும்போது அவளுக்கு முகங்கள் தெரியாது. முன்னே போகிறவரின் முதுகு, சைக்கிள் கரியரில் கட்டிய பாயின் சுருள், யாரோ பிடித்திருக்கும் கோழியின் கால் இவைதான் தெரியும்.

உயரத்தைவிட முக்கியம், அவளுக்கு என்ன தெரியாது என்பது. யாழ்தேவி ரயில் 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்கு, அதாவது குண்டுக்கு ஒளிக்கும் பதுங்குகுழிக்கு, கூரை போடப் போயின. ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014இல். ஆகவே 1988இல் பிறந்த பிள்ளைக்குச் சின்ன வயது முழுவதும் ரயில் என்பது பாடப்புத்தகப் படம். அவள் பங்கருக்குள் குந்தியிருந்து தலைக்கு மேலே உள்ள இரும்பைத் தடவிப் பார்க்கிறாள், அது எதன் பகுதி என்று அவளுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் வலி பிறக்கிறது. எழுத்தாளர் ஒரு சொல்லும் கூட்டத் தேவையில்லை.

நாளை என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியக் கூடாது. 1995இல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட பலர் சில நாளில் திரும்பிவிடலாம் என்றே நினைத்தார்கள். வலிகாமத்து மக்கள் பெருமளவில் திரும்பியது 1996 ஏப்ரல், மே மாதங்களில். “இனி ஆறு மாதத்துக்கு இந்த வீட்டைப் பார்க்க மாட்டேன் என்று அவள் எண்ணினாள்” என்று எழுதினால், அது இன்றைய எழுத்தாளர் அன்றைய பிள்ளையின் தலைக்குள் புகுந்து பேசுவது. கோழிக்கு இரண்டு நாளுக்குக் காணக்கூடிய தீனியைப் போட்டுவிட்டு வெளிக்கிட்டாள் என்று எழுதுங்கள்.

துணிவு என்பது எதை

இரவில் வளவின் கோடியில் இருக்கும் கக்கூசுக்குத் தம்பியைக் கூட்டிப் போகும் எட்டு வயதுக்காரியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கும் இருட்டுப் பயம். பனைமரத்தடியைத் தாண்ட வேண்டும். “அம்மாவை எழுப்படா” என்று சொல்லித் திரும்பிப் படுக்கலாம். ஆனாலும் எழும்பிப் போகிறாள்.

துணிவின் மூன்று உறுப்புகளும் இதிலேயே இருக்கின்றன. ஆபத்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செய்யாமல் விட ஒரு வழி இருக்கிறது. செய்தால் அவளுக்கு இழப்பு ஏதோ உண்டு. ஆபத்துத் தெரியாமல் செய்தால் அது அறியாமை. வேறு வழியே இல்லாமல் செய்தால் அது தப்பிப் பிழைத்தல். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் பெயர் வேறு. பெரும்பாலான போர்க்கதைகளில் பிள்ளை ஓடுகிறது, ஒளிக்கிறது, காப்பாற்றப்படுகிறது. எங்கும் முடிவெடுப்பதில்லை. வாசிக்கிற பிள்ளைக்கு இரக்கம் வருமே தவிர, “நான் என்ன செய்திருப்பன்?” என்ற கேள்வி வராது.

துவக்கைப் பற்றியும் நேரே சொல்லியாக வேண்டும். இந்த மண்ணில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆயுதம் ஏந்தினார்கள், ஏந்த வைக்கப்பட்டார்கள். ஆகவே துவக்குப் பிடித்த பிள்ளையைத் துணிவின் அட்டைப்படமாக்குவது, அந்தப் பிள்ளைகளுக்கு இழைத்ததை மறுபடி ஒருமுறை செய்வது. அதை எழுதலாம், எழுதவும் வேண்டும். வாங்கில் அருகே இருந்தவனின் இடம் வெறுமையானதாக, அவன் அம்மா படலையடியில் நிற்பதாக, அவனுடைய நண்பன் பதில் இல்லாத கேள்வியோடு வீடு திரும்புவதாக எழுதுங்கள்.

துணிவு வெல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பிள்ளை பயந்து பயந்து ஒரு காரியத்துக்குப் போய், அது முடியாமல் திரும்பி வரலாம். அது போனதே போதும்.

நட்பு எப்படிக் கதையை இழுக்கிறது

சமாதான காலத்தில் நட்புக்குப் பெரிய விலை கேட்கப்படுவதில்லை. பாதி அழிறேசர் கொடுக்கலாம், சைக்கிளில் முன் பாரில் ஏற்றிப் போகலாம். போர் வரும்போது, அதே நட்பின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் மற்றவள். கதையை இழுத்துப் போகும் மாடு அந்தக் கோடுதான்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கோடு பல இடங்களில் விழுந்தது. மதத்தால் விழுந்தது. வெளிநாட்டில் ஆள் இருப்பவர் போகலாம், இல்லாதவர் இருக்க வேண்டும் என்று விழுந்தது. 1995இன் பின், வலிகாமத்தார் போய்ச் சேர்ந்த தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒரு வீட்டில் பல குடும்பங்கள், ஒரு கிணறு, விடியமுன் வாளியோடு வரிசை. அந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யாருக்கு அள்ளி ஊற்ற வேண்டும் என்ற சாதிக் கேள்வி போரால் கரையவில்லை. எல்லோரும் ஒன்றாய்க் கஷ்டப்பட்டார்கள் என்று மட்டும் எழுதுவது அரை உண்மை. வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குக் கயிற்றைத் தொட அனுமதி இல்லை என்றால், மற்றவள் என்ன செய்கிறாள்? அதுவே ஒரு கதை.

வேறு நாட்டுக் கதை நம் பிள்ளைக்கு விளங்குமா என்றும் கேட்பார்கள். விளங்கும். 1943 ஒக்ரோபரில் நாசிகள் டென்மார்க்கின் யூதரைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி முன்னமே கசிந்தது. அயலவரும் மீனவருமாகச் சேர்ந்து 7,000க்கு மேற்பட்டவரைச் சில வாரங்களில் படகுகளில் சுவீடனுக்குக் கடத்தி விட்டார்கள். நடுவில் உள்ள நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர். போர்க்காலத்தில் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர்களின் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, இருட்டில் படகும், அழாதே என்று வாயைப் பொத்தும் கையும் புதிதில்லை.

அதே டென்மார்க்கிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்நாட்டு மன்னர் யூதருக்கு ஆதரவாகத் தாமே மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்று உலகெங்கும் சொல்வார்கள். அது நடக்கவில்லை. டென்மார்க்கில் யூதர் அந்த நட்சத்திரத்தை அணிய வேண்டும் என்ற உத்தரவே போடப்படவில்லை. மன்னர் நாள்தோறும் கொபன்ஹேகன் தெருக்களில் குதிரையில் போனது உண்மை. மனதுக்குப் பிடித்த கதை, நடந்த நிகழ்வின் இடத்தில் எவ்வளவு எளிதாய் வந்து குந்திவிடுகிறது! நம் ஊரிலும் இப்படிக் குந்தியிருப்பவை உண்டு. எழுதுமுன் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். அசையாத பொது நிகழ்வு, அதனால் கைக்கு வரும் ஒரு பொருள், பிள்ளைக்குத் தெரிந்த அளவு மட்டுமான பார்வை, அச்சத்தோடு எடுக்கும் ஒரு முடிவு, குறுக்கே கோடு விழுந்த ஒரு நட்பு. இவ்வளவும் கையில் இருந்தால் கதை கட்டத் தொடங்கலாம்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

இரண்டு கதியால் எடுப்போம். 1990 ஒக்ரோபர் 30: யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாள். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி உத்தரவிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக 70,000க்கு மேற்பட்டோர் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாவது, 1995 ஒக்ரோபர் 30: இராணுவம் ‘ரிவிரெச’ நடவடிக்கையில் முன்னேறி வர, ஒலிபெருக்கி அறிவிப்போடு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள்.

ஐந்து ஆண்டு இடைவெளி, அதே திகதி, இரண்டு முறையும் ஒலிபெருக்கி. இதைக் கற்பனை செய்திருந்தால் நம்ப மாட்டோம். வரலாறே கொடுத்திருக்கிறது.

இனிக் கிடுகு. கற்பனைப் பிள்ளைகள் இருவர்: வானதி, றிஸ்மியா. இருவருக்கும் 1990இல் எட்டு வயது, ஒரே ரியூசன். வானதிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போகவில்லை. விட்ட கணக்கைப் பார்த்தெழுத றிஸ்மியாவின் கொப்பியை வாங்கி வந்திருக்கிறாள். அடுத்த நாள் ஒலிபெருக்கி. கொப்பியைக் கொடுக்க வேண்டும் என்று, வீட்டில் “வெளிய போகாதை” என்று சொல்லியும், வேலிப் பொட்டால் நுழைந்து இரண்டு ஒழுங்கை தாண்டிப் போகிறாள். முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவின் முகப்பில் மறிக்கிறார்கள். கொப்பியோடு திரும்பி வருகிறாள். முதல் துணிவு, தோற்ற துணிவு.

இப்போது தட்டுப்பாடு வேலையைத் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுகளில் கொப்பி கிடைப்பது அரிது. பத்திரிகைகூடக் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்த காலம். றிஸ்மியாவின் கொப்பியில் பின்பக்கம் 22 தாள் வெறுமை. ஒவ்வொரு சோதனைக்கும் வானதிக்குத் தாள் வேண்டும். “அந்தப் பிள்ளை இனி எங்கை வரப்போகுது, கிழிச்சு எழுதன்,” என்று சித்தி சொல்கிறா. கிழிப்பாளா? வெறும் தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பது அவள் நட்புக்குக் கொடுக்கும் விலை. பங்கரும் ஷெல்லும் வேண்டாம். இந்தத் தாள்களே மூன்று அத்தியாயத்தை இழுக்கும்.

பிறகு பதின்மூன்று வயதில் அவள் வீட்டு ஒழுங்கையிலும் ஒலிபெருக்கி. பையில் அரிசி, மாற்று உடுப்பு, அம்மம்மாவின் மருந்து. “கொப்பி புத்தகம் ஒண்டும் வேண்டாம், பாரம்,” என்கிறா அம்மா. ஐந்து வருடத்துக்கு முன் றிஸ்மியாவின் வீட்டில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வானதிக்கு வருகிறது. பாலத்தில் நெருக்கத்தில் நிற்கும்போது அதை உரத்துக் கேட்கிறாள்: “அம்மா, றிஸ்மியா ஆக்களும் இப்பிடித்தானே போனவை?” சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா அவளுடைய கையை நசிக்கிறா. எல்லோரும் பேசாமல் இருந்த ஒன்றைப் பேசியதுதான் இந்தக் கதையின் பெரிய துணிவு. அதற்கு ஆயுதமோ அதிசயமோ தேவைப்படவில்லை.

இங்கே ஒரு கவனம். றிஸ்மியா வானதியின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பும் கருவியாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அவளுக்கும் விருப்பு, கோபம், குறும்பு வேண்டும். எட்டின் வாய்ப்பாட்டில் எப்போதும் பிழைவிடுகிறவள், இரவல் கொடுத்ததற்கு ஒரு தோடம்பழ இனிப்பு வட்டி கேட்கிறவள் என்று முதல் அத்தியாயத்தில் அவளை முழுதாய் எழுதினால்தான் பின்பு அவள் இல்லாமை கனக்கும். அவள் வீட்டில் ‘உம்மா’, ‘வாப்பா’, ‘ராத்தா’, ‘நாநா’ என்றுதான் பேச வேண்டும். வானதி வீட்டு உறவுச் சொற்களை அவள் வாயில் போட்டால் அந்த வீடே பொய்யாகிவிடும்.

எங்கே பிழைக்கிறது

காலப்பிறழ்வு என்பது, அந்தக் காலத்தில் இல்லாத பொருளோ சொல்லோ கதைக்குள் வந்துவிடுவது. அதிகம் காணும் பிழை ‘கிபிர்’ என்ற குண்டுவீச்சு விமானம். இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்தது 1996இல். 1991இல் நடக்கும் கதையில் பிள்ளைகள் கிபிர்ச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓட முடியாது. அப்போது ஹெலி, அவ்ரோ, சியாமாசெட்டி என்ற பெயர்களே வாயில் இருந்தன. கடிகாரமும் அப்படி. 1996இல் நாட்டின் நேரத்தை முன்தள்ளினார்கள். அந்த ஆண்டு கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை அது இன்றைய நேரத்தைவிட அரை மணி முன்னால் நின்றது. அந்தக் காலத்துக் கதையில் ‘ஆறு மணிக்கு நன்றாய் விடிந்திருந்தது’ என்று எழுதுமுன் யோசிக்க வேண்டும். 1995இல் நடக்கும் அம்மம்மா ‘ஏ9’ என்று சொல்வதைவிடக் ‘கண்டி றோட்’ என்பதே பொருந்தும்.

நிலவையும் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 24 சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. 30ஆம் திகதி அரை நிலவு, நடுச்சாமம் அளவில் மறைந்துவிடும். அதோடு மழை. ‘பூரண நிலவொளியில் சனம் நடந்தது’ என்ற அழகான வரி அந்த இரவுக்குப் பொருந்தாது. கிழமையும் முக்கியம்: 1990 ஒக்ரோபர் 30 செவ்வாய், 1995இல் திங்கள். இவற்றைப் பழைய பஞ்சாங்கத்தில் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். பழைய பத்திரிகைகளுக்கும் மலர்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் திறந்திருக்கிறது. ஒரு நிகழ்வை எழுதுமுன் அக்காலத்துப் பத்திரிகை ஒன்று, நேரில் கண்டவர் இருவர், ஒரு பொருள் அல்லது படம் என்று மூன்று பக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பெரியவர்களுக்குச் சம்பவம் நன்றாய் நினைவிருக்கும், ஆண்டு பிசகும்.

பங்கரையும் பலர் வெளிநாட்டுப் படங்களில் வரும் நிலக்கீழ் அறைபோல எழுதுகிறார்கள். வீட்டுப் பங்கர் ஒடுங்கிய கிடங்கு. வாசல் நேரே இல்லாமல் ‘ட’ போல மடியும். ஏனென்றால் சிதறும் துண்டு நேர்கோட்டில் பாயும், மடிப்பில் தடுக்கப்படும். மேலே பனங்குற்றி, அதன் மேல் மண். வலிகாமத்தில் கொஞ்சம் தோண்டினால் சுண்ணக்கல் இடறும். கரையோர மணல் ஊர்களில் சுவர் இடிந்து விழும். மாரியில் உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பு வரும். பிள்ளைகள் ஷெல்லுக்குப் பயந்ததைவிடப் பூரானுக்குப் பயந்து வாசலில் தயங்கியதை எழுதினால் அது உண்மையோடு ஒட்டும்.

மற்றவை விரைவாக: தாத்தா ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருந்து நாலு பக்கத்துக்கு வரலாறு சொல்வது. கண்ணீருக்காகவே நண்பனைக் கொல்வது. ஒரு பக்கத்தார் எல்லோரையும் அரக்கராக்கி மறுபக்கத்தாரைத் தேவராக்குவது. இவை பிள்ளைக்குக் கண்டதும் தெரியும். அடுத்த பக்கத்தைப் புரட்டாது.

வயதும் அளவும்

ஆறு முதல் எட்டு வயதுக்குப் பிரிவும் காத்திருப்பும் போதும், சாவைக் காட்சியாக்க வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சாவு வரலாம், ஆனால் காயத்தின் விவரம் வேண்டாம். யாரோ திரும்பி வரவில்லை என்பதும் அவருடைய செருப்பு வாசலில் இருப்பதும் போதும். பதின்மூன்றுக்கு மேல், யார் செய்தார்கள், ஏன் மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்ற கேள்விகளைத் திறந்து வைக்கலாம். முதன்மைப் பிள்ளைக்கு, வாசிக்கும் பிள்ளையைவிட ஒன்றிரண்டு வயது கூடவாக இருப்பது நல்லது. அத்தியாயம் ஒன்று 1,200 முதல் 1,500 சொல்லுக்குள் நின்றால் ஒரு இருப்பில் வாசித்து முடிக்கலாம். உரையாடல் ஊர்த்தமிழில் இருக்கட்டும், விவரிப்பு எளிய எழுத்துத்தமிழில் இருக்கட்டும். இரண்டையும் ஊர்ப்பேச்சிலேயே எழுதினால் பத்து வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டியே களைத்துவிடும்.

குறிப்பிட்ட நிகழ்வால் நேரடியாய்ப் பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். ஆகவே ஆசிரியர் முதலில் தாம் வாசித்துவிட்டு, பின்பே வகுப்பில் உரத்து வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன படித்தீர்கள்?” என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத்தான் தருவார்கள். “நீ என்றால் தாளைக் கிழித்திருப்பாயா?” என்று கேளுங்கள், கை உயர்த்தாதவர்களும் பேசுவார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எது கதியால், எது கிடுகு என்று சொல்லும் சிறு குறிப்பு வேண்டும். முன்பக்கத்தில் போட்டால் கதை எங்கே போகும் என்பது தெரிந்துவிடும். நாம் கட்டிப் பார்த்த கதைக்கு அது இப்படி இருக்கலாம்:

“வானதியும் றிஸ்மியாவும் அந்தக் கொப்பியும் கற்பனை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டது உண்மை. ஐந்து ஆண்டு கழித்து அதே திகதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் உண்மை. அந்த இரண்டு நாட்களில் ஒன்றில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தார்களா? அவர்கள் கையில் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.”